எழுபத்தைந்து வரைக்கும் போட்ட திட்டம்

என் மச்சான் ரைமோ லேத்தோ எழுபத்தைந்தாம் வயதில் சாவதாகத் திட்டம் போட்டிருந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் தாள் வங்கியில் இன்னும் இருக்கும்.

அறுபது முடிந்த வாரம், ஓய்வுக்காலக் கணக்குப் போட வங்கிக்குப் போனான். அவன் தங்கை ஐலாவைக் கட்டியவன் என்ற உரிமையில் நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், எல்லாரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டாள். எத்தனை வயது வரைக்கும் பணம் வேண்டும்? வழக்கமாகத் தொண்ணூற்றைந்து என்று போடுவோம் என்றாள்.

"தொண்ணூத்தஞ்சா? எங்க தாத்தா அம்பத்தொம்பது. அப்பா அறுபத்தொண்ணு. எங்கண்ணன் வெய்க்கோ அறுபத்திமூணு. எல்லாருக்கும் நெஞ்சுவலிதான். நீ எழுபதுன்னு போடும்மா."

"அவ்வளவு கம்மியா போட்டா எங்க மேனேஜர் என்னைத் திட்டுவார் சார். எண்பத்தஞ்சு?"

மீன் பேரம் மாதிரி இழுபட்டு எழுபத்தைந்தில் வந்து நின்றது. ரைமோ கையெழுத்துப் போட்டான்.

கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பேயில் எங்கள் வயதுக்காரர்கள் இரண்டு கட்சி. அறுபதிலேயே அரசாங்க ஓய்வூதியத்தைத் தொடங்கி, நூற்றுக்கு முப்பது குறைத்துக்கொண்டு கடைசிவரை அந்தக் குறைந்த தொகையையே வாங்குகிறவர்கள் ஒரு கட்சி. எழுபது வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து கூடுதலாக வாங்குகிறவர்கள் இன்னொரு கட்சி. காபிக் கடையில் உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான். நான் பல்லைக் கடித்த கட்சி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவன். ரைமோ அறுபது முடிந்த முதல் மாதமே வாங்கிவிட்டான்.

"நீ காத்துக்கிட்டே இரு மாப்ளே. உன் பங்குக்கும் நான் செலவு பண்றேன்" என்றான்.

செய்தும் காட்டினான். அவன் மனைவி எப்போதோ பிரிந்து வின்னிபெக்குக்குப் போய்விட்டதால் கேட்க ஆளில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர் வீட்டைக் கட்டிக்கொண்டு குளிர்காலம் தோறும் வெயில் காயும் அரிசோனாவுக்குப் போனான். ஏரியில் மீன் பிடிக்கப் புதுப் படகு வாங்கினான். மகள் ஹெய்டி கல்கரியில் வீடு வாங்கியபோது ஒரு பெரிய தொகையைக் கொடுத்தான். காகித ஆலையில் முப்பத்தைந்து வருடம் சேர்த்ததை, எழுபத்தைந்தில் சரியாகத் தீரும்படி, ஒழுங்காகவே செலவழித்தான். அதில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. திட்டத்தின்படி நடந்தான், அவ்வளவுதான்.

தன் சாவுச் செலவையும் விடவில்லை. சவ அடக்க நிலையத்தில் முன்கூட்டியே பணம் கட்டினான். பெட்டி, குழி, சர்ச் கூடம், வருகிற எண்பது பேருக்குக் காபியும் ஏலக்காய் ரொட்டியும். யார் அந்த எண்பது பேர் என்று தன் கையாலேயே பட்டியல் எழுதிக் கொடுத்தான்.

ஒன்று மட்டும் அவன் வாங்கவே மாட்டான். உத்தரவாதம். தொலைக்காட்சி வாங்கினாலும் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினாலும், "கூடக் கொஞ்சம் கட்டினால் ஐந்து வருட உத்தரவாதம்" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவான்.

"வேண்டாம்ப்பா. அதுக்கு முன்னாடி நானே ரிப்பேர் ஆயிடுவேன்."

எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஐலா கேக் செய்தாள். ரைமோ அதன்முன் உட்கார்ந்திருந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்கிறவன் முகம். அந்த மாதம்தான் மருத்துவர் அவன் நெஞ்சைப் பரிசோதித்து, குதிரைக்கு இருக்க வேண்டிய இதயம் என்று சொல்லியிருந்தார்.

சேமிப்பு தீர்ந்தது. குறைந்த ஓய்வூதியம் சாப்பாட்டுக்கும் வீட்டு வரிக்கும் சரியாக இருந்தது. படகையும் ட்ரெய்லரையும் விற்றான். ஒரு வார்த்தை முனகவில்லை.

போன ஜனவரியில், அவனுக்கு எழுபத்தேழு நடக்கும்போது, நான்கு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. வெளியே மைனஸ் முப்பத்துநாலு. ஐலா என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக வண்டியில் ஏற்றினாள். வீட்டுக்குள் நுழைந்தால் மூச்சு புகையாக வருகிறது. நிலவறையில் இருக்கிற சூடாக்கும் உலை செத்துக் கிடந்தது. குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டிருந்தான். ஆளைக் காணோம். பின்கட்டில் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையின் புகைபோக்கியில் புகை வந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே விறகடுப்பு எரிய, மரப்பலகையில் கம்பளி விரித்து, உள்ளாடையோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான் என் மச்சான்.

"கதவைச் சாத்து மாப்ளே, சூடு போகுது."

"நாலு நாளா இதுக்குள்ளயா குடித்தனம் பண்ற?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு. அரிசோனா மாதிரியே இருக்கு. செலவும் இல்ல."

ஐலாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கையுறையாலேயே அவன் முதுகில் இரண்டு போட்டாள்.

பழைய உலை இனி ஓடாது என்று பழுது பார்க்கிறவர் ஏற்கனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். புதிது எட்டாயிரம் டாலர். ஹெய்டிக்கும் செய்தி போய்விட்டது. அன்று மதியம் ரைமோ எங்கள் வீட்டில் இருந்தபோது அழைத்தாள்.

"அப்பா, போதும். வீட்டை வித்துடலாம். எங்க பேஸ்மென்ட்ல உங்களுக்குத் தனி ரூம் ரெடியா இருக்கு. சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் வந்துவிட்டால் முடிந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த வீட்டை அவன் தன் கையால் கட்டினான். அதை விட்டால் அவனிடம் வேறொன்றும் இல்லை. நான் பணம் தருகிறேன் என்றேன்.

"நீயா? உன் காசை நீயே தொடமாட்டியே மாப்ளே. அதைப் போய் நான் தொடவா?"

சுருக்கென்றது. உண்மைதானே. எழுபது வரை பொறுத்துக் கூடுதலாக வாங்கினேன். எழுபத்தொன்றில் இடுப்பெலும்பு போயிற்று. அதற்கு அறுவை சிகிச்சை முடிந்தபின், பிறகு போகலாம், பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டதில், நானும் ஐலாவும் வாங்கிய ட்ரெய்லர் ஐந்து வருடமாக முற்றத்தில் பனிக்கடியில் நிற்கிறது. அவன் அரிசோனாவிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். இப்போது சொல்லிவிடுகிறேன்.

ரைமோ தொலைபேசியை முறைத்துக்கொண்டிருந்தான். "பேஸ்மென்டுக்குப் போறதுக்கு நேரா குழிக்கே போயிடலாம். ரெண்டும் தரைக்குக் கீழதான். குழிக்குக் காசும் கட்டியாச்சு."

ஐலா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "அப்ப அந்தக் காசைத் திருப்பி வாங்கு."

"எதை?"

"சாவுக்குக் கட்டினதை. நீதான் சாகலையே அண்ணா."

மறுநாள் காலை சவ அடக்க நிலையத்துக்குப் போனோம். கட்டியதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், கொஞ்சம் பிடித்துக்கொண்டு வட்டியோடு தருவார்கள். மெல்லிய குரலில் பேசும் பெண் ஒருத்தி படிவத்தை நிரப்பினாள்.

"ரத்து செய்யக் காரணம் ஏதாவது எழுதணுமா சார்?"

"எழுதிக்கோம்மா. ஆள் வரல."

அவள் சிரிக்கலாமா கூடாதா என்று தவித்தாள். வந்த தொகை எட்டாயிரத்துக்கும் மேலே இருந்தது. அவன் போட்ட பணத்தில் வளர்ந்தது இது ஒன்றுதான்.

கோப்போடு அந்தப் பட்டியலையும் திருப்பிக் கொடுத்தாள். வண்டியில் உட்கார்ந்து ரைமோ பேனா கேட்டான். நான் இயந்திரத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்க, செத்துப்போனவர்களை ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தான். ஆலையில் கூட வேலை செய்தவர்கள், பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் ஆட்டக்காரர்கள், பக்கத்து வீட்டு எஸ்தர். வீடு வருவதற்குள் முடித்து, மிச்சத்தை எண்ணினான். வண்டியை நிறுத்தியபோது, "எண்பதுல இருபத்திரண்டு பேர்தான் மிச்சம்" என்றான்.

வெள்ளிக்கிழமை புதிய உலையை மாட்டினார்கள். மாட்டியவர் கடைசியில் தாளை நீட்டினார். ஐந்து வருட உத்தரவாதம் சும்மா, இன்னும் அறுநூறு கட்டினால் பத்து வருடம் என்றார். அவன் சொல்லப்போவது எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. அவனுக்காக நானே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பத்து போடுங்க" என்றான் ரைமோ.

ஹெய்டியிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்தோம். தரையிலுள்ள காற்றுத் துளைகளிலிருந்து சூடு வரத் தொடங்கியிருந்தது. ஐலா காபி ஊற்றினாள். அவன் உத்தரவாதத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பத்து வருஷம் மாப்ளே. எண்பத்தேழு. எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போனதே இல்ல. அங்க என்ன பண்றதுன்னுகூடத் தெரியல." காபியைக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "அதுவரைக்கும் நீ இருப்பியா?"

அவன் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

"நான் தொண்ணூத்தஞ்சு வரைக்கும் திட்டம் போட்டவன்டா மச்சான். வேணும்னா வங்கியில கேட்டுப் பாரு."

"திட்டம் கிடக்கட்டும். பனி தள்ற மண்வெட்டி எங்க வெச்சிருக்கே? நாளைக்கு உன் ட்ரெய்லரைத் தோண்டி எடுப்போம்."