வேறு சொல் இல்லையா?

அந்தக் குடியிருப்பின் எட்டுத் தெருக்களிலும் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் டிரைவிங் அக்காவிடம் கற்றவர்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, "பதறாதீங்க சார், அது சுவர்தான், குறுக்கே வராது" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அதில் ஒரு வினையும் சேர்ந்துகொண்டது. கற்றுக்கொண்டவர்கள் யாரும் அதன்பிறகு நடக்கவில்லை. அடுத்த தெருவில் பால் வாங்கக் கார் எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் குப்பை கொட்டப் போகவே கியர் மாற்றினார்.

"எல்லாரையும் உட்கார வெச்சுட்டேன்" என்று கணவனிடம் சொன்னாள். "எழுப்பி விட வேண்டியதும் நான்தானே?"

மறுநாள் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டம், யாரும் வரலாம், கட்டணம் இல்லை, பரிசும் இல்லை.

குடியிருப்பே கமுக்கமாகச் சிரித்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, லிப்ட் மெக்கானிக் ஒருவனோடு வீட்டை விட்டுக் கிளம்பியவள் அவள். ஓடிப்போனவள் என்று பெயர்தானே தவிர, போனது என்னவோ நாலாம் தெருவிலிருந்து ஏழாம் தெருவுக்கு.

"அனுபவம் உள்ளவங்க நடத்துற ஓட்டம். நம்பி வரலாம்" என்றார் தையல்காரர்.

"அன்னைக்கு நானும்தான் கூட ஓடினேன். ஒரு வாய் தண்ணி குடுத்தாளா கேளுங்க" என்றான் கணவன்.

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிப்பு நின்ற இடம் காவல் நிலையம். பஸ் போகிற மெயின் ரோட்டில் ஓட அனுமதி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் ஒரே வழி: நாலாம் தெருக் கடைசியில் இருக்கும் இரும்பு கேட். அதைத் தாண்டினால் கால்வாய்க் கரை. அதே வழியாகத் திரும்பிவிடலாம். சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். செயலாளர் அவளுடைய அப்பா.

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். மகள் போன நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் கையில் இருக்கும் காகிதத்தைப் படிப்பார். காகிதம் இல்லாவிட்டால் உள்ளங்கையைப் படிப்பார்.

அவள் மனு எழுதினாள். அம்மா தூது போனாள். வீட்டுக்காரரின் கோபத்துக்குக் கட்டுப்படாமல் வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்கு வந்துபோகிறவள்.

இரண்டாம் நாள் மனு திரும்பி வந்தது. "செயலாளர் குடுக்கச் சொன்னார்" என்று அம்மா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நீட்டினாள்.

'அனுமதி தறுமாறு' என்ற இடத்தில் சிவப்பு மை. 'தருமாறு. இன்னும் ஒரு கால் போட்டிருந்தால் தாறுமாறு ஆகியிருக்கும்.'

"அப்பா ஜோக் அடிச்சிருக்காரும்மா!"

"ஜோக்கும் இல்லை, கீக்கும் இல்லை. பிழை. திருத்தி எழுது."

பதினொரு வருடத்தில் அவர் அவளுக்கு எழுதிய முதல் வரி. அதை நாலு முறை படித்துவிட்டுத்தான் திருத்தினாள். இப்போது கேட் மட்டும் போதாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இரண்டாவது மனுவும் திரும்பியது. 'ஓட்டம்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில்: 'வேறு சொல் இல்லையா?'

"விரைவு நடைன்னு போடு" என்றான் கணவன். "இல்லேன்னா கால்நடை விழான்னு போட்டுடு."

"ஆட்டையும் மாட்டையும் ஓட்டிட்டு வருவாங்க. பரவாயில்லையா?"

சிரித்துவிட்டு அவள் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். ஒரு சொல்லை மாற்றினால் கேட் திறந்துவிடும், அப்பாவும் ஒருவேளை தலை நிமிர்ந்து பார்ப்பார். மாற்றினால் அன்றைக்குச் செய்தது பிழை என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? அவள் எதற்கும் பயந்து ஓடவில்லையே. சிவப்பு மைக்குக் கீழே நீல மையில் எழுதினாள்: 'இல்லை. ஓட்டம்தான்.'

அம்மா அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்னையும் சேர்த்து வெளியில வெச்சுப் பூட்டிடுவார்டீ."

பதில் வரவில்லை. சனிக்கிழமை மாலைவரை கேட்டில் பூட்டு தொங்கியது.

ஞாயிறு காலை அவளையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர் திரண்டுவிட்டார்கள். அதில் புது வெள்ளை ஷூவில் அம்மாவும் ஒருத்தி. வருவது வரட்டும் என்று நாலாம் தெருவுக்குள் நுழைந்தால், கேட்டின் ஒரு கதவு திறந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் நோட்டுடன் அப்பா. வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டார். கதவில் ஓர் அறிவிப்பு: 'சரியாக ஏழரைக்குப் பூட்டப்படும். செயலாளர்.' எல்லாருக்கும் பின்னால் அவள் கடந்தபோதும் நோட்டைப் பார்த்தபடிதான் கோடு போட்டார்.

கால்வாய்க் கரையில் பல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை விட்டுடுங்கக்கா. யாரையாவது கார் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"எழுந்திருங்க டாக்டர். கிளட்ச்சை மெதுவா விடுங்க. முதல் கியர்லயே போலாம், அவசரமே இல்லை."

முதல் கியரிலேயே வந்து சேர்ந்தபோது மணி ஏழு நாற்பத்திரண்டு. அப்பா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பன்னண்டு நிமிஷமா பூட்டைத் தடவிட்டே நிக்கிறார். பூட்டவும் மாட்டேங்கிறார், உட்காரவும் மாட்டேங்கிறார்" என்றாள் அம்மா உள்ளே இருந்து.

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே நுழைந்தார். "அறுபத்திரண்டு" என்றார் அப்பா, நோட்டைப் பார்த்து.

அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். "நேரமாயிடுச்சு. நீங்க பூட்டிக்கோங்கப்பா. நான் மெயின் ரோடு வழியா சுத்திப் போயிக்கிறேன்."

"அங்க பஸ் வரும்" என்றார் அப்பா. "உள்ள வா. கணக்குல ஒரு ஆள் குறையுது."

வந்தாள். திரும்பி வந்தவர்கள் கணக்கில் அறுபத்து மூன்றாவது கோடு விழுந்தது. துருப்பிடித்த கதவு தாழ்ப்பாளுக்கு ஒத்துவராமல் அரை அங்குலம் விலகி நின்றது. அவள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். அவர் பூட்டினார்.