தனலட்சுமி கொல்லையில் விட்டுப்போன கருங்கல்

தனலட்சுமி பேங்க் என்றால் பயந்தவள், விவரம் தெரியாமல் கல்லில் காசைப் போட்டவள் என்று கருமாதிப் பந்தியில் சிலர் பேசிக்கொண்டார்கள். தவறு. செங்கல்பட்டு கான்வென்ட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள், பிறகு பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். அவள் போய்விட்டாள் என்று அவளுடைய மகள் கோமதி போனில் சொன்னபோது, நான் பேங்க்கில் டோக்கனோடு காத்திருந்தேன். தனலட்சுமி அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் இறந்தபின் பட்டறையை அவளே நடத்தினாள். மிஞ்சுவதற்கெல்லாம் நல்ல கருங்கல்லாக வாங்கிக் கொல்லையில் இறக்குவாள். சுத்தியால் தட்டி, ஓசை கேட்டுத்தான் வாங்குவாள்.

"இன்னாக்கா, கல்லு பாட்டு பாடுதா?" என்று கிரேன்காரர் ஒருமுறை கிண்டலடித்தார்.

"மணி மாதிரி கேக்கணும்டா. உன் வாயி மாதிரி தொணதொணன்னு கேட்டா உள்ள விரிசல்."

கல்லுக்கு வட்டி வராதே என்றேன். "பேங்க்ல கீறது என் பேரு. இங்க கீறது என் கல்லு. ரெண்டும் ஒண்ணாடி?" என்றாள். 'கீறது' இல்லை, 'இருக்கிறது' என்று அந்தப் பேச்சைத் திருத்திப் பார்த்தேன். "டீச்சர், பரீட்சை எப்பவோ முடிஞ்சிபோச்சு" என்று வாயை அடைத்துவிட்டாள்.

என் கணவர் இறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கணக்கு அவர் பேரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வரும்வரை தொட முடியாது என்றார்கள். செய்தி கேட்ட தனலட்சுமி, விற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு கல்லை மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். இறந்தவருக்கு ஊன்றிய கல்லைக் கருமாதியன்று எடுக்கும்வரை வேறு கல் வாசல் தாண்டக் கூடாதென்று என் நாத்தனார் லாரியைத் திருப்பி அனுப்பினார். உள்ளே இருந்த எனக்கு மாலையில்தான் தெரிந்தது. மறுநாள் அந்தக் கல்லை விற்று, அரிசியும் மளிகையும் வாங்கிக்கொண்டு அவளே வந்து இறங்கினாள். "துக்க வூட்டுக்குக் கல்லு அனுப்பினவ நான் ஒருத்திதான். நல்லவேளை, மாலை போட்டு அனுப்பல" என்றாள். அந்த வீட்டில் அன்று நான் சிரித்தேன்.

இவ்வளவு தெரிந்தவள், போன வருடம் மகன் முரளியின் சொல்லுக்கு இறங்கிவிட்டாள். அவன் கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். கெட்ட பிள்ளை அல்ல. "கல்லை எத்தனை நாள்மா காவல் காப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விற்றுக் கணக்கில் போட்டாள். பிறகு உடம்புக்கு வந்தது. விவரங்களைப் புதுப்பிக்கவில்லை என்று பேங்க்கில் கணக்கை நிறுத்தி, கைரேகை கேட்டார்கள். சிலைகளைத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய விரல்கள், ரேகை விழவில்லை. "மெஷினுக்கு என்னைத் தெரியலடி" என்றாள். தன் பணத்துக்காக அவள் பிறர் முன் உட்கார்ந்து காத்திருந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மீந்த அந்த ஒரு கல்லை, பட்டறையில் கூடவே உழைத்த கோமதிக்குக் கொடுத்தாள். மகளின் கையைப் பிடித்துக் கல்மேல் வைத்து, "இது உன்னுது. யாரையும் கேக்கத் தேவையில்ல" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது முரளி, எழுத்தில் எதுவும் இல்லை, கல் பொதுச்சொத்து என்று சொல்லி விலை பேசுகிறான்.

எது கிடைத்தாலும், இது என் கையில் இருக்கிறதா, பேரில் மட்டும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் ஒன்றுதான் அவளிடமிருந்து என்னிடம் தங்கியது.

எங்கள் கான்வென்ட்டின் இந்தப் பழைய மாணவியர் மலர் முரளியின் வீட்டுக்கும் போகும். முரளி, உன் அம்மா கொடுத்ததற்கு நான் சாட்சி. அந்தக் கல் கோமதியுடையது என்று ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா? போன் வேண்டாம். கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, என் வீட்டுக்குத் தபாலில் பதில் அனுப்பு.