மடித்த ரொட்டிக்குள் முட்டை

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூசன் எடுக்கிறேன். அன்று இப்படிப் படிப்பித்தேன்: "நொதியம் எண்டது ஒரு புரதம். கனக்க நொதியங்கள் வேலை செய்ய, துணைக்காரணி எண்ட இன்னொரு சின்னப் பொருள் வேணும். புரதம் முழுக்க மடிஞ்ச பிறகுதான் அது வந்து ஒட்டும்."

மாதுரி என்ற மாணவி எழும்பினாள். "சேர், கலத்துக்குள்ள இருக்கிற இழைமணியில சில நொதியங்கள் மடியேக்கையே துணைக்காரணி உள்ளுக்குப் போயிடும் எண்டு வாசிச்சனான்."

"அப்ப நீரே வந்து படிப்பியும்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தி, அவளை இருத்தினேன்.

வகுப்பு முடிந்ததும் பசி. எதிர்க்கடையில் ரொட்டி சொன்னேன். ரொட்டி போடும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு 'நானா', மாவை வீசிக் கல்லில் விரித்து, சதுரமாக மடித்தும்விட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நானா, உள்ளுக்கு ஒரு முட்டையும் போடுங்கோ."

"மடிச்ச பொறகு எங்க சேர் வெக்கிற? மடிக்கக்குள்ளயே சொல்லணுமே!"

பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. திரும்பினால், வரிசையில் மாதுரி.

அடுத்த வகுப்பில் பாடத்தைத் திருத்தி, ரொட்டியை உதாரணம் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். "நானே யோசிச்சது" என்றேன்.

மாதுரி நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால், இந்த ஒப்புதலை இன்று நான் எழுதவேண்டி வந்திருக்காது.