ரங்காத்தாள் ஓட்டிய சிவப்புக் கார்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ரங்காத்தாள் வீடு எது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். கார் கட்டி வைத்திருக்கிற மாட்டுக் கொட்டாய் எது என்று கேட்டுப் பாருங்கள், பால் குடிக்கிற பிள்ளையும் கை காட்டும். மாட்டை விற்ற பிறகு வெறுமனே கிடந்த கொட்டாய்தான். முளைக்குச்சியும் தண்ணித் தாழியும் அப்படியே இருக்க, நடுவில் அந்தச் சிவப்புக் கார் நின்றது.

வாங்கின கார் இல்லை, வந்த கார். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளிக்கு டிரைவர். நீலகிரியில் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் விட்டுப் போன காரை முதலாளி இளவயதில் ஆசையாக வாங்கியிருந்தார். பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. ஆசை தீர்ந்ததும் அது குடோனில் துணி ரோல்களுக்கு அடியில் போய்விட்டது. குடோனைக் காலி செய்தபோது முதலாளி, "நீ எடுத்துக்கோ சென்னியப்பா, இல்லாட்டிப் பழைய இரும்புக்குத்தான் போவும்" என்றார். சென்னியப்பன் அதை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பங்காளி வீட்டுப் பொன்னாத்தாள் வேலியோரம் நின்று கேட்பாள்: "ஏனுங் ரங்காத்தா, உங்க செவலை எத்தன படி கறக்குது?"

"கறக்கறதில்லீங்கக்கா, மோளத்தான் மோளுது. நேத்துக்கூட ஒரு படி ஆயிலு."

காரில் இரண்டே பேர்தான் உட்காரலாம். பின் சீட்டே கிடையாது. கல்யாண வீடு காதுகுத்து வீடு என்று எங்கே போனாலும் "இன்னும் ஒண்ணும் விசேஷமில்லையா?" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே நிறுத்திவிட்ட சொந்தக்காரர்கள் அவர்களுக்கு நிறைய இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் படுத்துக்கொண்டே சென்னியப்பன் சொன்னார், "பாரு அம்மிணி, பொறத்தால எடமே வெக்கல. நம்மளாட்டம் ரெண்டு பேர நெனச்சுத்தான் எவனோ செஞ்சிருக்கான்."

அவள் ஸ்பேனரைப் பனியன் வேஸ்ட்டுத் துணியில் துடைத்து நீட்டினாள்.

அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. அந்தக் காரின் போல்ட்டுக்கு நம்மூர் ஸ்பேனர் எதுவும் சேராது. அவர் அரத்தால் ராவி ராவிச் சேர வைத்தார். பெட்ரோல் டியூப் வெடித்தால் வேறு எந்த வண்டியின் டியூபையாவது வெட்டி மாட்டினார். இன்று ஓடும், நாளை நிற்கும். ஓடுகிற நாளில் ஊர்க்கோடி வரைக்கும் ஒரு சுற்று. "ஒருக்கா சென்னிமலை போயிட்டு வந்தர்லாம். மலை மேலயே ரோடு போவுது" என்பார். ரங்காத்தாள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "இந்த ஷிப்மெண்ட் போவட்டுங்க" என்பாள். அந்த ஷிப்மெண்ட் போகும், அடுத்தது வந்து நிற்கும். டெய்லர் பிழைப்பில் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

டாலர் விழுந்து ஆர்டர் குறைந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழு. இனி நேரம் கிடைக்கும் என்றிருந்தபோது, ஒரு காலையில் பானெட்டைத் திறந்து குனிந்திருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் வாயில் மிஞ்சியது "ம்மா" என்கிற ஒரு சத்தம்தான். தண்ணிக்கும் "ம்மா", வலிக்கும் "ம்மா". அது போதாதபோது இடது கையால் இரும்புக் கட்டிலின் சட்டத்தை அடிப்பார். பொறுக்க முடியாத சூட்டில் தண்ணியை மேலே ஊற்றிவிட்டால் வீடே அதிரும்.

பார்க்க வந்தவர்கள் "ஒண்ணும் புரிய மாட்டேங்குதே, பாவம்" என்றால் ரங்காத்தாளுக்குக் கோபம் வரும். "உங்களுக்குப் புரியாதுங்க. அவிய என்ன சொன்னாலும் எனக்கு வெளங்கும்" என்பாள். அது வெறும் பேச்சில்லை. பத்துக்கு ஒன்பது சரியாகவே இருந்தது.

மாதங்கள் போயின. மனுஷன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஒரு நாள் கொட்டாயைப் பெருக்கப் போனவள் காரின் மேல் கிடந்த படுதாவை இழுத்தாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவரின் முகம் திரும்பியது. கண் விரிந்தது. "ம்மா" என்றார். அன்றைக்கு அவள் முடிவு பண்ணினாள், இந்தக் காரை ஓட வைத்து இவரைச் சென்னிமலைக்குக் கூட்டிப்போவது என்று.

லைன் வீட்டில் குடியிருந்த காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஊரில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து நிட்டிங் மெஷினுக்குப் பிட்டராக இருந்தான். அவன்தான் சொன்னான், "நான் ஓட்டுறேன்க்கா. அண்ணனப் பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன்."

"நானு?"

"நீங்க எங்கிட்டு உக்காருவீக? ரெண்டு சீட்டுத்தான இருக்கு."

"அப்ப நானே ஓட்டறன்."

காசிமாயன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறு ஞாயிறே காலி மனையில் பாடம் தொடங்கியது. "கிளட்ச்சுன்னா ஒங்க மெஷின் பெடல் மாதிரிதேன்க்கா. பொத்துன்னு மிதிக்காதீக, மெல்ல விடுங்க." பத்திருபது வருஷமாகப் பெடல் மிதித்த கால் அது, சீக்கிரம் கற்றுக்கொண்டது. கைதான் தடுமாறியது. ஒரு வேப்ப மரம் தப்பியது அதன் புண்ணியம்.

கொட்டாய் வாசலுக்கே கட்டிலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் இடது கையால் காட்டுவார், அவள் கழற்றுவாள். பிளக்கைச் சுரண்டினாள், பெல்ட்டை மாற்றினாள், கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினாள். சரியாகச் செய்தால் "ம்மா" இழுத்து வரும், தப்பென்றால் வெட்டி வரும். ஒரு நாள் பொழுது சாய இஞ்சின் உறுமிக் கிளம்பியபோது அவர் கண்ணில் தண்ணீர். அவளுக்கும்தான், ஆனால் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

பிரேக் மட்டும் பாக்கி. மிதித்தால் கால் தரை வரைக்கும் போனது. காசிமாயன் மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போயிருந்தான். "வந்து பாக்குறேன், அதுவரைக்கும் பிரேக்குல கை வைக்காதீகக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ரங்காத்தாள் காத்திருக்கிற ஜாதியா?

வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த பிரேக் ஆயில் பாட்டிலில் அடியில் கொஞ்சம் கிடந்தது, கருத்துப்போய். அதைச் சாய்க்கும்போது கை தவறி முன்பக்கத்துத் தகரத்தில் சிந்திவிட்டது. உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து துடைத்தால், சிவப்புப் பெயிண்ட் கொப்புளித்து முந்தானையோடு கையில் வந்துவிட்டது.

 திருப்பூரில் எண்ணெய்க்கு ஒரே நியாயம்தான். கறை பண்ணாதது நல்ல எண்ணெய், கறை பண்ணுவது கெட்ட எண்ணெய். ஒரு சொட்டுக் கறைக்குத் தைத்த பீஸைத் திருப்பி முகத்தில் எறிகிற ஊரில், பெயிண்டையே தின்கிற எண்ணெயை யார் நம்புவார்கள்? கெட்டுப்போய்விட்டது என்று பாட்டிலைக் குப்பையில் வீசினாள். தையல் மெஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெய் வீட்டில் ஒரு கேன் இருந்தது. தண்ணி மாதிரி தெளிந்தது, வெள்ளைத் துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். மெஷினை வருஷக்கணக்காகக் காப்பாற்றின எண்ணெய். அதை எடுத்துவந்து பிரேக் ஆயில் மூடியைத் திறந்து ஊற்றினாள்.

கட்டில் அதிர்ந்தது. சென்னியப்பன் இடது கையால் சட்டத்தைப் போட்டு அடித்தார். "ம்மா! ம்மா!" கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்பா, கோவத்தப் பாரு!" என்றாள் ரங்காத்தாள். "பெயிண்டு போனதுக்கா இந்தப் பாடு? வுடுங்க, டச்சப் பண்ணிக்கலாம்."

அவர் இன்னும் அடித்தார். முட்டி தோல் உரிந்தது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. மனுஷனுக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டதே! அந்தக் கையைப் பிடித்து மஞ்சள் வைத்தாள். "எனக்கு வெளங்குதுங்க, வெளங்குது. காருமேல கீறல் பட்டாலே ஆவாது உங்களுக்கு" என்று முகத்தைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் அடிப்பதை நிறுத்தினார். அழுதார். அதையும் அவள் பெயிண்ட் கணக்கிலேயே சேர்த்தாள். திரும்பப் போய் மிதித்து மிதித்து ஊற்றினாள். மிதி கல் மாதிரி நின்றது. வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். பிரேக் பிடித்தது.

காசிமாயன் ஊரிலிருந்து வந்து கேட்டதற்கு, "அதெல்லாம் நானே சரி பண்ணீட்டன் போ" என்றாள் பெருமையாக.

அந்த ஞாயிறு கிளம்பினார்கள். காசிமாயன் அவரைத் தூக்கி உட்கார வைத்து, துண்டால் சீட்டோடு கட்டினான். தன் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்தான். சென்னியப்பன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "பயப்படாதீங்க, நல்லா ஓட்டுவனுங்க" என்றாள். பொன்னாத்தாள் வேலியோரம் வாயில் கை வைத்து நின்றாள். அன்றைக்கு அவள் பால் கணக்கு கேட்கவில்லை.

ஊத்துக்குளி வரைக்கும் கார் போனது, பொய் சொல்லக் கூடாது. காற்று முகத்தில் அடிக்க அவருடைய தலை ஆட்டம்கூட நின்றுவிட்டது. நரைத்த முடி பறந்தது. ஊரைத் தாண்டியதும் கார் கனத்தது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. கருகின வாசனை. சக்கரத்திலிருந்து புகை. தொலைவில் மலை நீலமாகத் தெரிந்தபோது கார் நின்றே போனது.

டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து தள்ளினார்கள். அசையவில்லை. நாலு சக்கரத்தையும் ஏதோ கவ்விக்கொண்டிருந்தது. காசிமாயன் பிரேக் ஆயில் மூடியைத் திறந்து, விரலை விட்டு, மோந்து பார்த்தான்.

"யக்கா, இதுல என்னத்த ஊத்துனீக?"

"வெள்ள எண்ணெ. மெஷினுக்கு வுடறது. பாட்டில்ல கெடந்தது பெயிண்டையே தின்னுபோட்ட கெட்ட எண்ணெ. ஏன்?"

அவன் அப்படியே குந்தினான். "இது ஆகாதுக்கா. உள்ள இருக்குற ரப்பரெல்லாம் இதக் குடிச்சு ஊதிப்போகும். ஊதி அடைச்சுக்கிட்டா பிரேக்கு விடாது. இந்தக் காருக்கு ரப்பருக்கு எங்கிட்டுப் போக? அந்தக் கெட்ட எண்ணெதேன்க்கா பிரேக்குக்கு."

ரங்காத்தாள் காரில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். கட்டில் அதிர்ந்த சத்தம் முழுக்க அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. முட்டியில் அந்தக் காயம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

காரை அப்போதைக்கு அங்கேயே விட்டுவிட்டு, துணி மூட்டை ஏற்றிவந்த ஒரு டெம்போவில் மூட்டைகளின் மேல் அவரைப் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"தெரியாமப் பண்ணீட்டனுங்க" என்று கட்டிலடியில் உட்கார்ந்து அழுதாள். "வெளங்கும் வெளங்கும்னு திரிஞ்சனே. கையொடிய அடிச்சுச் சொன்னீங்களே. ஒருக்கா அடிங்க. கட்டல அடிக்காண்டாம், என்னைய அடிங்க." இடது கையைத் தூக்கித் தன் தலையில் வைத்தாள். விட்டதும் அது நழுவிப் படுக்கையில் விழுந்தது.

அதற்குப் பிறகு சென்னியப்பன் கட்டிலை அடிக்கவில்லை. "ம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. ஊட்டினால் வாயைத் திறந்தார், போதும் என்று மூடவில்லை. கையில் தெம்பு இருந்தது, டாக்டரும் பார்த்துச் சொன்னார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனுஷன் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஒருக்கா கட்டிலை அடித்துவிட மாட்டாரா என்று ரங்காத்தாள் என்னென்னவோ செய்து பார்த்தாள். அவருக்குப் பிடிக்காத பக்கம் தலையணை வைத்தாள். குளிப்பாட்டுகிற தண்ணியைச் சூடாகவே ஊற்றினாள். தோல் சிவந்தது, கை அசையவில்லை. ஒரு நாள் கம்பங்கஞ்சியில் வேண்டுமென்றே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தாள். முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, கண் இமைக்காமல் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விழுங்கினார். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

கிண்ணத்தைக் கீழே வைக்க அவளுக்கு மனசில்லை. மீதியை ஒரு பருக்கை விடாமல் அவளே குடித்தாள். பிறகு எழுந்து போய், உப்பில்லாமல் வேறு கஞ்சி கரைத்துக்கொண்டு வந்தாள்.