நூலகச் சுவரின் ஐந்து வளையங்கள்

பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் அவள் ‘வழிகாட்டி அக்கா’. தேர்வு மண்டபம் ஒரு காலத்தில் சோப்புத் தொழிற்சாலையாக இருந்தது, மணிக்கூண்டின் பதினேழாவது படி மட்டும் குட்டையாக இருப்பது கல் தீர்ந்துபோனதால்தான் என்றெல்லாம் பேருந்து இரைச்சலையும் மீறிச் சொல்லிக்கொண்டே நடப்பாள். அவள் சொல்வதெல்லாம் ஆவணத்தில் இருப்பவை. ஒன்றைத் தவிர.

நூலகத்தின் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், ஐந்து இரும்பு வளையங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர், “இது எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கம். “முதல் துணைவேந்தர் குதிரை கட்டுறதுக்கு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதன் பிறகு விடவே முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை பதிவாளர் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க குதிரைக் கதையைப் பித்தளைப் பலகையில பொறிச்சு அங்க மாட்டப்போறோம். வெள்ளிக்கிழமை திறப்பு. எந்த ஆவணத்துல இருக்குன்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்கம்மா.”

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தையற்காரரான கணவர், “குதிரையா வந்து சாட்சி சொல்லப்போகுது?” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் ஆவண அறையே கதியென்று கிடந்தாள். எங்காவது ஒரு குதிரை அகப்படாதா? கடைசியில் அகப்பட்டது முதல் துணைவேந்தரின் கடிதம். ‘குதிரை என்றாலே எனக்கு நடுக்கம். நடந்தே வருகிறேன்’ என்று எழுதியிருந்தார். இதை அவள் மட்டும்தான் பார்த்திருந்தாள். பழைய காகிதக் கட்டுக்குள் திரும்பச் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்?

செருகவில்லை. புதன்கிழமை கடிதத்தோடு பதிவாளர் முன் போய் நின்றாள்.

“குதிரைக் கதை நானே இட்டுக்கட்டினது சார்.”

அவர் முகம் சிவந்தது. “பதினெட்டு வருஷமாவா? பலகையில பொறிச்சே முடிச்சாச்சும்மா!”

“தப்புதான் சார்.”

“அப்போ அந்த வளையம் எதுக்குத்தான்?” என்று அவர் புவியியல் பேராசிரியையைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அம்மாள் பழைய நகர வரைபடத்தோடு வந்து மேசையில் விரித்தார். நூலகத்தை ஒட்டி இப்போது தெரு இருக்கும் இடத்தில் நீலக்கோடு ஒன்று ஓடியது.

“இங்க கால்வாய் இருந்திருக்கு. புத்தகமெல்லாம் படகுலதான் வந்திருக்கும். வளையம் படகு கட்டுறதுக்கு. குதிரையை முழங்கால் உயரத்துலயா கட்டுவாங்க? இத்தனை வருஷம் ஒருத்தர்கூடவா கேக்கல?”

பதிவாளரே சிரித்துவிட்டார். அவள் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

திறப்பு விழா தள்ளிப்போனது. அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் சான்றிதழ் வழங்கும் சாளரத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம், வேலையே போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ என்று பயந்தாள்.

ஒருநாள் பதிவாளரே கூப்பிட்டார். “நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க. சுத்திக் காட்டப் போறீங்களா?”

“போறேன் சார்” என்றாள். தொலைபேசியை வைத்ததும், அந்த வரைபடத்துக்கு ஒரு நகல் கேட்கப் புவியியல் துறைக்கு ஓடினாள்.