நேராக இழுத்த வயர்

கரமனையில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் சின்னக் கடை என்னுடையது. பொன்முடி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் ஒருவர் மழைக்காலத்துக்கு முன்னால் வந்தார். டேஷ்போர்டில் இந்தப் பத்திரிகை கிடந்தது. மனைவிக்கு ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது, மலையில் கரண்ட் போனால் ஜீப்பில் வைத்து ஓட்ட இரண்டாவது பேட்டரி வேண்டும் என்றார்.

போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் மட்டும் கடையில் இல்லை. அது இருந்தால்தான் மெஷின் எவ்வளவு ஓடினாலும் ஜீப்பை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தீராது. வேலை முடிந்தால் போதுமென்று நேராக வயரை இழுத்து இணைத்துவிட்டு, “என்ஜின ஆஃப் பண்ணிட்டே ஓட்டலாம், ஒரு குழப்பமும் இல்ல” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார்.

“அண்ணே, அந்த ரெண்டாவது பேட்டரிய கழட்டிருங்க. இனி வேண்டாம்.”

மழையில் கரண்ட் போய், மரம் விழுந்து ரோடும் அடைபட்டிருக்கிறது. காலையிலிருந்து ஜீப்பில் மெஷின் ஓடியிருக்கிறது. மதியம் மெஷின் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால், ரோடு திறந்தபோது ஜீப்பும் ஸ்டார்ட் ஆகவில்லை. வீட்டிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தான ஏற்றம். பத்துப் பேர் தள்ளியும் ஏறவில்லை. வேறு வண்டி வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

“நீங்க போட்ட பேட்டரியாலதான் மதியம் வரைக்கும் எங்கூட பேசிட்டிருந்தா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கண்ணெதிரிலேயே அந்த வயரைக் கழற்றினேன். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றும் டேஷ்போர்டில் இந்தப் பத்திரிகை கிடந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் படிக்கட்டும்.