முகத்தை எடுக்க மாட்டேன்

பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்யும் தொழிலில் ஒரு வசதி உண்டு: டிசைன் செய்கிறவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் டிசைன் தெரியும்.

முதுகுக்குப் பின்னால் நாலு பேர் மூச்சுவிட, இன்னொருவர் தோளுக்கு மேலே கையை நீட்டி ஸ்கிரீனைத் தொட்டு "இத இங்கிட்டுத் தள்ளுங்க" என்று சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸைப் பிடித்திருக்கும் என் இனத்து ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கடை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். முதலாளி காதர் பாய், வளைகுடாவில் சம்பாதித்ததை எல்லாம் ஒரு பிரிண்டிங் மெஷினில் போட்டவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: என் வாய்க்குப் பயந்து ஒரே ஒரு வாடிக்கையாளர் எதிரே இருக்கும் பிளெக்ஸ் கடைக்குப் போனாலும், என் நாற்காலிக்கு மதுரையிலிருந்து வேறு டிசைனர் வந்துவிடுவார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருமானம். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தேன். வாய்தான் கேட்கவில்லை.

டிசைனர் எங்கே?

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பெரியவர் மகன் கல்யாண பேனருக்காக வந்தார். கடை முழுக்கப் பார்த்துவிட்டு, "டிசைன் பண்றவரு சாப்புடப் போயிருக்காரா?" என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் விடவில்லை. மத்தியானம் வரை அடுத்தவர்கள் வேலையை அவர் கண்ணெதிரே முடித்து முடித்து அனுப்பினேன்.

டீ குடிக்கப் போயிருந்த மெஷின் ஆபரேட்டர் முருகன் திரும்பி வந்ததும் பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். முருகன் பதறிப்போய், தனக்கு ரோல் மாட்டத்தான் தெரியும், மவுஸைத் தொட்டால் அக்கா திட்டும் என்றான். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு மனசே இல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"சரித்தா, நீயே பண்ணு. ஆனா இந்தத் தம்பியும் பக்கத்துல நிக்கட்டும்."

தோளில் ஒரு கை

டிசைனைவிடப் பெரிய வேலை அதற்கு முந்தைய வேலைதான். போட்டோ சேகரிப்பது. நல்ல போட்டோ கொண்டுவாருங்கள் என்றால், கல்யாண வீட்டுக் கும்பலில் கையில் வாழைப்பழத்தோடு நிற்கும் போட்டோ வரும்.

சவுதியிலிருந்து திரும்பும் கணவர் செல்போன் கடை திறக்கிறார் என்று ஒரு அக்கா வந்தார்கள். அவர்கள் அனுப்பிய போட்டோவில் கணவர் அழகாகத்தான் இருந்தார். ஆனால் தோளில் வேறு யாரோ கை போட்டிருந்தார்கள். கணவரை மட்டும் வெட்டி எடுத்தேன், கை கூடவே வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அந்த ஆளையும் சேர்த்தே போட்டுவிடலாமே என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. அது பங்காளியின் கை. நடுச்சுவர் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. கையை எடுத்தால் நான் ஒரு தோளையே புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குப் பதில் நீங்கள் சமாதானமாகிவிடக் கூடாதா என்று கேட்டேன். பாய் கல்லாவிலிருந்து முறைத்தார்.

அக்கா கோபப்படவே இல்லை. "கைய எடுக்கிறது லேசு தங்கச்சி. அவுகளோட பேசுறதுதான் கஷ்டம்."

அளவெடுத்த மூஞ்சிகள்

மல்லாங்கிணறு பையன்கள் ஒரு கூட்டமாகப் பொங்கல் விழா பேனருக்கு வந்தார்கள். எல்லோருடைய தலையும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் அடிதடி ஆகிவிடும் என்றார்கள். நெற்றி முதல் தாடை வரை எல்லோருக்கும் ஒரே அளவாக வைத்தேன். ஒருவன் பையிலிருந்து டெய்லர் டேப்பை எடுத்து ஸ்கிரீன் மேலேயே வைத்து அளந்தான். கூட்டத்தில் ஒருவனுக்கு முடி ஒரு சாண் உயரம். முடியோடு சேர்த்து அளந்தால் அவன்தான் பெரியவன். கடைக்குள்ளேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் மானிட்டரை அணைத்தேன். இனிமேல் ஆர்டர் கொடுத்தவர் ஒருவர்தான் என்னிடம் பேச வேண்டும், அவர் ஓகே சொன்ன பிறகு அவரே வந்து சொல்லாமல் ஒரு புள்ளிகூட மாறாது என்று சத்தம் போட்டேன். பிடித்த சட்டையை விட்டார்கள். அன்று முதல் அதுதான் எங்கள் கடைச் சட்டம், பாய்கூட ஒப்புக்கொண்டார். கூட்டத்துக்குத் தலைவனாக வந்தவன் மட்டும் மெதுவாக என் காதருகே குனிந்தான்.

"அப்ப எனக்கும் அவன் அளவுக்கு முடி வச்சு விடுங்கக்கா. ஆர்டர் குடுத்தது நாந்தேன்."

நல்ல காரியம்

திருச்சுழிப் பக்கத்திலிருந்து பாண்டியம்மா என்று ஒருத்தி வந்தாள். பருத்தி எடுக்கப் போகிறவள். கணவர் இறந்துவிட்டார். மகளுக்குக் காதுகுத்து. நடுவில் மகள், மேலே இறந்துபோன அப்பா, மகளுக்குப் பக்கத்தில் அம்மா என்று டிசைன் போட்டேன். தன் முகத்தை ஸ்கிரீனில் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஓகே சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

மெஷினுக்கு அனுப்பும் நேரத்தில் அவள் கணவரின் அண்ணன் வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தவர், "நல்ல காரியத்துல தாலியறுத்தவ மூஞ்சி எதுக்கு? எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு பூவப் போடுங்க" என்றார். செத்துப்போனவர் படம் இருக்கலாமாம், உயிரோடு இருக்கிறவள் படம் கூடாதாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆர்டர் கொடுத்தவள் வந்து சொல்லட்டும், அதுவரை முகத்தை எடுக்க மாட்டேன் என்றேன். இனி எங்கள் ஊரிலிருந்து ஒருத்தர்கூட இந்தக் கடைப் படி மிதிக்க மாட்டார், எல்லோரும் எதிர்க்கடைதான் என்று அவர் கத்தினார்.

பாய் என்னைப் பார்த்தார். என் நிலைமை எனக்குத் தெரியாதா? இருந்தாலும் எழுந்து நின்று, "நீங்க வேணா எடுங்க பாய். என் கை எடுக்காது" என்று சொல்லிவிட்டேன். பாய் பாண்டியம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் குரல் வந்தது: "பெத்தவ நானு. என் படத்த இப்ப இருக்கதவிட இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்க. ரோட்டுல போற பஸ்ஸுக்குத் தெரியணும்."

அண்ணன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குள் போய் உட்கார்ந்தார். பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சரி, கதை முடிந்தது என்று என் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்தேன். பாய் என் பக்கம் திரும்பினார்.

"பையத் தூக்கிட்டு எங்க போற? அந்தம்மா பெருசாக்கச் சொல்லிருச்சுல்ல, உக்காந்து பெருசாக்கு."

ஆக, மஞ்சளைப் பச்சையாக்கச் சொன்னால் ஆக்குவேன், வழுக்கைத் தலையில் முடி முளைக்கச் சொன்னால் அதையும் செய்வேன், பெற்றவளைக் காணாமல் ஆக்குவது மட்டும் எங்கள் கடையில் கிடையாது. அதற்கு எதிரே ஒரு கடை திறந்துதான் இருக்கிறது.